திகோமிர் வைத்த சின்ன அளவு

என் காப்பிக்கடைக்கும் திகோமிரின் போட்டோக்கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். தினமும் காலையில் என் கடையில்தான் காப்பி குடிப்பான், தினமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். கல்யாணம், ஞானஸ்நானம், பட்டாளத்துக்குப் போகிற பையனுக்கு விருந்து, எங்கள் ஊரில் எதுவானாலும் அவன்தான் படம் எடுக்க வேண்டும். கெட்டவன் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. ஆனால் பிடிவாதம்! கழுதை தோற்றுவிடும்.

பிலிம் காலத்து ஆள். ஒரு ரோலுக்கு இத்தனைதான் என்று எண்ணி எண்ணி எடுத்துப் பழகிய கை. டிஜிட்டல் கேமரா வாங்கியபோது விற்றவன் மெனுவைத் திறந்து காட்டினானாம். படத்தின் அளவு: பெரியது, நடுத்தரம், சிறியது. தரம்: உயர்ந்தது, சாதாரணம். சிறியது, சாதாரணம் என்று வைத்தால் ஒரே கார்டில் ஆயிரக்கணக்கான படம் பிடிக்குமாம். இவனுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே அப்படி வைத்தான், அப்புறம் அந்தப் பொத்தான் பக்கம் விரலே போகவில்லை.

"யோவ், கொஞ்சம் பெரிசா வச்சுத்தான் எடேன். அந்தக் கார்டு என்ன உன்கூட குழிக்குள்ளயா வரப்போகுது?" என்பேன்.

"தேசா, நீ காப்பி கரிஞ்சு போகாம பாரு. நம்ம ஊருல எவன் கதவு அகலத்துக்குப் படம் மாட்டுறான்? ஆல்பத்துல ஒட்டுறதுக்கு இது போதும், தாராளம்."

வீட்டில் மாட்டமாட்டோம், வாஸ்தவம்தான். எங்கள் ஆட்களுக்குப் பெரிய படம் வேண்டியிருப்பது கல்லறையில். கறுப்புக் கிரானைட்டில் செத்தவர் கோட்டு போட்டுக்கொண்டு ஆளுயரத்துக்கு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்துக்கு மரியாதை இல்லை. உயிரோடு இருக்கும்போதே தங்களைச் செதுக்கி வைத்துவிட்டு, சாகிற வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டுவைக்கிறவர்களும் உண்டு. தபால் ஆபீஸ் ருமேனா அப்படித்தான், புருஷன் போனபோது அவன் பக்கத்திலேயே தன்னையும் செதுக்கச் சொல்லிவிட்டாள். இதற்கென்று வருகிற கிழடுகட்டைகளுக்கு மட்டும் திகோமிர் பழைய பிலிம் கேமராவை வெளியே எடுப்பான். வாலிபப் பிள்ளைகளைச் சின்ன அளவில்தான் எடுத்தான். இருபது வயசுப் பையனுக்குக் கல்லறைப் படம் தேவைப்படும் என்று எவன்தான் நினைப்பான்?

ருமேனாவின் ஒரே மகன் வெல்கோ வியன்னாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். சாரத்திலிருந்து விழுந்து, பெட்டியில் வந்தான். போன் அவன் சட்டைப்பையிலேயே நொறுங்கிப்போயிருந்தது. வீட்டு ஆல்பங்களையெல்லாம் வெள்ளம் வந்த வருஷமே ஆறு கொண்டுபோயிருந்தது. கேமராவைக் கண்டால் ஓடி ஒளிகிற பிள்ளை வேறு. பள்ளிக்கூடம் முடித்த அன்று கோட்டு போட்டுக்கொண்டு தேவாலய வாசலில் நின்று சிரித்தானே, அந்த ஒரு படம்தான் மிஞ்சியது. எடுத்தவன் திகோமிர், அவன் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

கல்லில் முகம் செதுக்குகிற போராவின் பட்டறைக்கு அவளோடு நானும் போனேன். தனியே அனுப்ப மனசு வரவில்லை. திகோமிர் எங்களுக்கு முன்னாலேயே வந்து மூலையில் நின்றிருந்தான்.

போரா அந்தப் படத்தைக் கல்லின் அளவுக்குப் பெரிதாக்கி, தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தான். ஐயோ, அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். கோட்டு தெரிந்தது. யாரோ ஒரு ஆள் நிற்கிறான் என்று தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் குளியலறைத் தரை மாதிரி சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. இதில் கண் எது, வாய் எது?

"கவலப்படாதீங்கக்கா, இன்னொண்ணும் தயார் பண்ணியிருக்கேன்" என்றான் போரா. நல்ல மனுஷன், உதவி செய்யத்தான் பார்த்தான். சுருட்டி வைத்திருந்த தாளை விரித்தான். பளிச்சென்று ஒரு வாலிபன் நின்றான். "கண்ணையும் வாயையும் வேற ஒரு பையன் படத்துலேருந்து எடுத்து வச்சேன். ஊருல ஒருத்தருக்கும் தெரியாது."

ருமேனா கிட்டப்போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கான். யாரு பெத்த பிள்ளை?" என்று கேட்டாள்.

போரா தாளைச் சுருட்டிவிட்டான்.

அப்போதுதான் திகோமிர் வாயைத் திறந்தான். "ருமேனா, தப்பு என்னோடது. ஒரே ஒரு பொத்தான். பெரிசுன்னு ஒரு அழுத்து அழுத்தியிருந்தா உன் பிள்ளை முகம் முழுசா கெடைச்சிருக்கும். நான் அழுத்தல." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

ருமேனா அவனைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "எவ்வளவு பெரிசு வரைக்கும் அது என் வெல்கோவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் உள்ளங்கையை விரித்தான். "இவ்வளவு. இதுக்கு மேல போனா அவன் இல்ல."

"அப்ப அவ்வளவே போதும்."

அதற்கப்புறம் திகோமிர் எல்லாப் படத்தையும் பெரிய அளவில், உயர்ந்த தரத்தில்தான் எடுத்தான். கல்யாணத்தில் பாதியிலேயே கார்டு நிரம்பிவிடும். கேக் வெட்டக் கத்தியோடு நிற்கிற மாப்பிள்ளை பல்லைக் கடிப்பான். இவன் "இருப்பா, இருப்பா" என்று பையில் அடுத்த கார்டைத் தேடிக்கொண்டிருப்பான்.

வருஷ நினைவு நாளில் எல்லோரும் கல்லறைக்குப் போனோம். எங்கள் வழக்கப்படி வேகவைத்த கோதுமையை ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, செத்தவர்களுக்கென்று பிளம் சாராயத்தில் கொஞ்சம் மண்ணில் ஊற்றினோம். கறுப்புக் கல்லில் அப்பன் ஆளுயரத்துக்கு நிற்கிறான், ருமேனாவும் ஆளுயரத்துக்கு நிற்கிறாள். பக்கத்தில் வெல்கோவின் கல்லில் உள்ளங்கை அகலத்துக்குப் பீங்கான் தகட்டில் பதித்த ஒரு படம், அவ்வளவுதான். ருமேனாவின் புருஷனுடைய அக்காக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஒத்தைப் பிள்ளை! ஊரான் வீட்டுப் பிள்ளைங்கல்லாம் எப்படி நிக்குதுங்க பாரு. இவன இப்படித் தபால்தலை மாதிரி வச்சிருக்கியே, அங்கேருந்து பாத்தா ஒரு எழவும் தெரியலையே!"

"அங்கேருந்து ஏன் பாக்கறீங்க?" என்றாள் ருமேனா. "கிட்ட வாங்க. குனிஞ்சு பாருங்க."

அக்காக்காரி முனகிக்கொண்டே குனிந்தாள். நிமிர்ந்தபோது தலையில் கட்டியிருந்த துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தராகப் போய்க் குனிந்தோம். திகோமிர் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வழியிலேயே நின்றான்.

"நீயும் வா" என்றாள் ருமேனா.

அவனுக்கு முழங்கால் மடங்காது. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டான்.

"இன்னும் கிட்டப் போ. என் பிள்ளையைப் பாக்கணும்னா இனிமே யாரா இருந்தாலும் இவ்வளவு கிட்ட வந்துதான் ஆகணும். முத்தம் குடுக்கற தூரத்துக்கு."

திகோமிர் நெற்றியைக் கல்லில் வைத்தான். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. யாரும் அவனை எழுப்பவும் இல்லை.