அக்கா தோற்கச் சொன்ன பிரதமர்

"…பாவம்தான், நல்ல மனிசிதான், ஆனா இண்டைக்கும் தோத்துப்போனா எண்டால்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிக்கொண்டே அக்கா காரை 401 நெடுஞ்சாலையில் ஏற்றினார்.

அந்த மனிசி என்றது பிரித்தானியப் பிரதமரை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கு அவர் செய்துகொண்டு வந்த ஒப்பந்தத்தை அன்றைக்கு இரண்டாவது முறையாகப் பாராளுமன்றத்தில் வாக்குக்கு விட்டிருந்தார்கள். லண்டனில் இருட்டி வாக்கெடுக்கிற நேரம், கடல் தாண்டி இங்கே எங்களுக்கு வேலை முடிந்து வீடு போகிற நேரம்.

அக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் அல்ல. ஸ்காபரோவில் மருந்துப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. இருவரும் விட்பியில் இருந்தோம்; போக வர அவருடைய கார். பின் இருக்கையில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் வருவார். மேல்மாடி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. உலகச் செய்தியெல்லாம் அவருடைய போனில்தான் எங்களுக்கு வந்து சேரும்.

விட்பியில் வளர்ந்த அக்காவின் ஒரே மகளுக்கும் லண்டன் பெடியன் ஒருவனுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. முடிந்திருந்தது என்பதும் சரியில்லை. இரண்டு பேரும் எங்கே இருப்பது என்பதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டு நின்றது. பெடியன் பாரிசில் பிறந்தவன், சின்னதிலேயே தாய் தகப்பனோடு லண்டனுக்குப் போனவன், கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட்; பிரித்தானியா விலகினால் அவன் அங்கே இருக்கலாமோ என்பது கேள்வி. "உந்தப் பிரெக்ஸிட் என்னெண்டாலும் முடியட்டும், பிறகு யோசிப்பம்" என்று பெடியனின் தாய் சொல்லிவிட்டார். மகளும் அதையே சொன்னாள். அந்த ஒரு சொல்லை அக்கா பிடித்துக்கொண்டார்.

"குழப்பம் கூடக்கூட எனக்கு நல்லது, பிள்ளை" என்பார் என்னிடம். "லண்டன் அவனைப் போ எண்டால் நான் வா எண்டுவன். அவை ரெண்டு பேரும் இருக்க பேஸ்மென்ற்றுக்குப் புதுக் கார்ப்பெற்றும் போட்டாச்சு."

தம்பி ஒரே ஒருநாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. டீல் தோத்தாலும் ஜெயிச்சாலும் ஏற்கனவே அங்க இருக்கிறவங்களை அனுப்ப மாட்டாங்க. அப்ளை பண்ணினா இருந்துக்கலாம்."

"உன்ரை வாயிலை நல்லது ஒண்டும் வராதோ? இறங்கி பஸ்ஸிலை வாறியோ?"

அதற்குப் பிறகு தம்பி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காதது மட்டுமா, அக்காவுக்குப் பிடித்த செய்தியாகத் தேடி எடுத்து வாசிக்கவும் தொடங்கினார். இன்றைக்கு இந்த மந்திரி விலகிவிட்டாராம், சொந்தக் கட்சிக்காரரே தலைவியை இறக்கப் பார்க்கிறார்களாம், அடுத்தது யாரென்று அவர்களுக்கே தெரியாதாம். ஒவ்வொன்றுக்கும் அக்கா, "ஐயோ பாவம்" என்பார். முகம் மட்டும் மலர்ந்துபோய் இருக்கும். அந்தச் சந்தோசத்தில் லேன் மாறிவிடுவாரோ என்று நான் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வேன்.

அன்றைக்கு றோட்டோரப் பனி கறுத்துக் கிடந்தது. பிக்கரிங் வரும்போது வாகனங்கள் அப்படியே நின்றுவிட்டன.

"போனமுறைக்கும் இந்தமுறைக்கும் என்ன வித்தியாசமாம், தம்பி?"

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. அதே டீல்தான். கொஞ்சம் கடுதாசி சேர்த்திருக்காங்க."

"முந்தநாள் கறியைச் சூடாக்கி, மேலை ரெண்டு கறிவேப்பிலையும் போட்டுத் தாறாவாக்கும். ஆர் சாப்பிடுவினம்?" என்றார் அக்கா. நான் சிரித்து முடியவில்லை, பின்னால் தம்பி மெதுவாகச் சொன்னார்: "தோத்துட்டாங்க அக்கா."

அக்கா ஸ்டியரிங்கில் இரண்டு தட்டுத் தட்டினார். அதே நேரம் போன் அடித்தது. அக்காவின் காரில் போன் வந்தால் ஸ்பீக்கரில்தான் வரும். மகள்.

"அம்மா, நியூஸ் பாத்தன். நீங்கள் சந்தோசமா இருப்பீங்கள் எண்டு தெரியும். அதுதான் இப்பவே சொல்லுறன்."

"சொல்லு."

"அவருக்கு அங்கை இருக்க பெர்மிஷன் கிடைச்சிட்டுது. ரெண்டு கிழமையாச்சு. ஐ ஜஸ்ட் குடன்ட் டெல் யூ, அம்மா. எனக்கும் அங்கை ஒரு ஆஸ்பத்திரியிலை வேலை சரிவந்திருக்கு. உங்கடை முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமத்தான் பிரெக்ஸிட், பிரெக்ஸிட் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்."

நானும் தம்பியும் வெளியே பார்த்தோம். பார்க்க ஒன்றும் இல்லை, பக்கத்து லொறியின் ரயர்ச் சில்லுத்தான்.

"அம்மா, நிக்கிறீங்களோ?"

"நிக்கிறன். இஞ்சை ஒருதரும் அசையேல்லை."

"கோவமோ?"

"அவன்ரை நம்பரை அனுப்பு."

"அம்மா, பிளீஸ், அவரை ஏசாதேங்கோ."

"அனுப்பு எண்டுறன்."

வரிசை அசைந்ததும் அக்கா அடுத்த வெளியேறும் பாதையால் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு கடைப் பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. தம்பி காப்பி வாங்கிவரட்டுமா என்று கேட்டார். "இரு" என்றார் அக்கா. நான் ஹீட்டரைக் கூட்டிவிட்டேன்.

பிறகு அக்கா கேட்டார்: "அந்த மனிசி இப்ப என்ன செய்யிறா?"

தம்பி போனைப் பார்த்தார். "பார்லிமென்ட்ல நின்னு பேசிட்டிருக்காங்க அக்கா. தொண்டை கட்டிப்போச்சு, குரலே வரல. அடுத்து என்ன செய்யலாம்னு சொல்லிட்டிருக்காங்க."

"அவ்வளவு பேர் இருக்கினம். ஒருத்தராவது அவவின்ரை தொண்டைக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தினமோ?"

யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தேகமாக இருந்தது. அக்காவின் கண் கலங்கியிருந்தது, குரல் சரியாகத்தான் இருந்தது. மகள் அனுப்பிய நம்பர் திரையில் வந்து நின்றது. அதை அழுத்தினார். அது லண்டனில் போய் அடிக்கிற சத்தம் காரின் நாலு மூலையிலும் கேட்டது.

"ஹலோ?" என்றது பெடியனின் குரல். பயந்த குரல்.

"தம்பி, நான் மாமி கதைக்கிறன். அங்கை இரவெல்லோ, சாப்பிட்டியோ?"

அவன் பதில் சொல்வதற்குள் அக்கா ஸ்பீக்கரை நிறுத்தி, போனைக் காதில் வைத்தபடி கதவைத் திறந்து, கோட்டும் போடாமல் குளிருக்குள் இறங்கிப் போனார்.