ஜன்னல் ஓர சீட்

என் கணவர் உலகத்தைச் சுற்றும் சொகுசுக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் முதல் லீவுக்கு வந்தபோது, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று எங்கள் ஏரியா மர்பி டவுன் முழுக்கப் பெருமை அடித்தேன். அவரோ வாயே திறக்கவில்லை. என்னிடம்கூடச் சொல்ல மாட்டாரா என்று எனக்குக் கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். சிவாஜிநகரில் பஸ் வந்ததும் வழக்கம்போல ஜன்னல் வழியாகக் கர்சீப்பைப் போட்டு சீட் பிடித்தேன்.

"இன்னைக்கு நான் ஜன்னல் ஓரமா உக்காரட்டா?" என்று தயங்கிக் கேட்டார்.

"உலகத்தையே பாத்தவருக்கு மல்லேஸ்வரம் ரோடு பாக்கணுமா?"

"எங்க பாத்தேன்? எங்க ரூமு தண்ணி மட்டத்துக்குக் கீழ. ஜன்னலே கிடையாது. கப்பல் நின்னா எல்லாரும் ஊர் பாக்க எறங்கிடுவாங்க. அவங்க திரும்பறதுக்குள்ள நாங்க ரூமெல்லாம் கிளீன் பண்ணணும்."

எழுந்து இடம் விட்டேன்.

கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு பூக்கடை, பேக்கரி, சினிமா போஸ்டர் என்று ஒன்று விடாமல் பார்த்தார். இப்படி ஒரு முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மல்லேஸ்வரம் வந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் கண்டக்டரிடம் மெதுவாகக் கன்னடத்தில் இரண்டு டிக்கெட் கேட்டேன்:

"லாஸ்ட் ஸ்டாப்புக்கு எரடு டிக்கெட் கொடி."

அக்கா கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் கர்சீப் போட்டு ஜன்னல் சீட் பிடிப்பது நான்தான். உட்காருவது அவர்.