அம்மாவின் ஈறில் ஒரு கட்டி

ஒன்பது வயதில் எங்கள் வீட்டின் வெளியுறவு அமைச்சர் நான்தான். ஃபாரஸ்ட் கேட் வீட்டுக்கு வரும் கவுன்சில் கடிதம், காஸ் மீட்டர் பார்க்க வருபவர், டாக்டர், எல்லாமே என் இங்கிலீஷ் வழியாகத்தான். அதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல!

எண்பதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம், அம்மாவின் முன்பல்லுக்கு மேலே ஈறில் ஒரு கட்டி வந்தது. மாதுளை முத்தளவு, அதே சிவப்பு. பல் விளக்கினால் இரத்தம். எங்களோடு இருந்த சித்தி குசினியில் சமைத்துக்கொண்டே அப்பாவிடம் கிசுகிசுத்தார்: "அத்தான், கான்சராய் இருந்தால் என்ன செய்யிறது?" கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பல் டாக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். எத்தனை நாளாக, வலிக்கிறதா, என்ன மருந்து எடுக்கிறீர்கள்? நான் சடசடவென்று அங்கேயும் இங்கேயும் மொழிபெயர்த்தேன். அடுத்த கேள்வி வந்தது.

"அம்மா, வயித்தில பிள்ளை இருக்கோ எண்டு கேக்கிறா."

அம்மா என்னையே பார்த்தார். "இல்லையெண்டு சொல்லு."

சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. அப்படியென்றால் எக்ஸ்ரே எடுத்து, கட்டியை வெட்டிச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்றார். மொழிபெயர்ப்புக்குப் பதிலாக எனக்கு அழுகைதான் வந்தது.

"கான்சரோ அம்மா? நீங்கள் சாகப்போறியளோ?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெளியில போய் இரு."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே!"

"இதைச் சொல்ல எனக்குத் தெரியும். போ பிள்ளை."

கொஞ்ச நேரத்தில் டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கான்சர் இல்லையாம். பல்லில் ஊத்தை படிந்து ஈறு வீங்கியதாம். சுத்தம் செய்தாகிவிட்டது, சில மாதங்களில் தானாகவே வற்றிவிடும் என்றார். வெட்டு, எக்ஸ்ரே என்ற பேச்சே இல்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனாலும் நானில்லாமல் பேசிவிட்டார்களே! பஸ்ஸில் வீடு வரும்வரை மூஞ்சியை நீட்டிக்கொண்டிருந்தேன்.

கோடையில் தம்பி பிறந்தான். கட்டியும் சுருங்கி மறைந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் ஈறில் அப்படிக் கட்டி வருவதுண்டு என்று தெரியாததால் இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

அதற்கு முந்திய வருடமும் அம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. வகுப்பு, கடை, பஸ் தரிப்பிடம் என்று நான்தான் சொல்லித் திரிந்தேன். அது தங்கவில்லை. பிறகு தெருவில் கண்டவரெல்லாம் குழந்தை எங்கே என்று அம்மாவை விசாரித்தார்கள். அம்மா மெல்ல "இல்லை" என்பார். பக்கத்தில் நின்று, ஒவ்வொருவருக்கும் அதைப் பிழையில்லாத இங்கிலீஷில் உரக்கச் சொன்னேன்.

பல் டாக்டரின் அறையில் அம்மா யாருக்குப் பயந்தார் என்பது மட்டும் அந்த அமைச்சருக்கு விளங்கவேயில்லை.