இடித்தவர்தான் தேநீர் கொண்டுபோக வேண்டும்

அன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது நாலு டயரிலும் காற்று பார்த்தது. காபிகூட அதற்கப்புறம்தான். இருட்டில் ஒரு பெண் டார்ச்சோடு காரைச் சுற்றி வருவதைப் பார்த்து எங்கள் தெருப் பால்காரர் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை.

விராலிமலைக்குப் பக்கத்தில் தனியார் நிலம் ஒன்றில் தார் போட்ட ஓட்டப்பாதை இருக்கிறது. மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் கிளப் அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக் கார்ப் பந்தயம் நடத்தியது. வருகிறவர்கள் யாருக்கும் இது தொழில் இல்லை. அரிசி ஆலைக்காரர், பல் மருத்துவர், என்னைப் போலப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர், இப்படித்தான். நாற்பத்து மூன்று வயதில் ஆரம்பித்தேன். இது மூன்றாவது வருஷம். புதிதாக வர நினைப்பவர்கள் என்னிடம் வழியையும் செலவையும் கேட்கிறார்கள். சொல்கிறேன். கூடவே யாரும் கேட்காத ஒன்றையும்: இடித்துக்கொண்டால் என்ன செய்வது.

தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை, அன்னவாசல், இலுப்பூர் வழியாகப் போனேன். ஐந்து மணிக்குக் கிளம்பி ஏழேகாலுக்கு விராலிமலை. என் கார் மீட்டரில் நூற்று மூன்று கிலோமீட்டர். திருச்சி வழி தூரம் குறைவுதான், ஆனால் லாரிகள் அதிகம். இந்தப் பக்கமும் லாரி இல்லாமல் இல்லை. இலுப்பூருக்கு முன்னால் ஜல்லி லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போனது. டிரைவர் வலது பக்க ஜன்னலில் கையை நீட்டி முன்னால் போகச் சொல்லி ஆட்டினார். முந்திப் போனேன். நம் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பழகிய யாரும் அந்தக் கையைச் சந்தேகப்படுவதில்லை.

ஓட்டப்பாதையில் அந்தோணி காத்திருந்தார். ஆவூர்க்காரர், என் காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். அவருக்கு நான் டீச்சர். "பிரேக்க மாத்துனேன்ல, மொத ரெண்டு சுத்து மெதுவாப் போங்க டீச்சர். அங்கிட்டு மயிலு வேற குறுக்க வருது" என்றார்.

காலைப் பயிற்சி ஓட்டத்தில் எனக்கு முன்னால் போனவர் கறம்பக்குடி அரிசி ஆலைக்காரர். கதிரேசன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே இருக்கை உள்ள, தாழ்வான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது. என்னுடையது பள்ளிக்கும் காய்கறிக்கும் போகிற சின்ன கார். நேர்பாதையில் அவரைப் பிடிக்க முடியாது. வளைவுக்கு வளைவு அவர் தடுமாறுவார். அவருடைய பிரேக் விளக்கு எரியும் இடத்தை வைத்தே என் பிரேக்கைக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பதினோரு மணிக்குப் பந்தயம். இரண்டு சுற்று, காலையில் கணக்குப் போட்ட இடங்களிலேயே பிரேக் போட்டு, அவர் வாலைப் பிடித்தபடியே போனேன். மூன்றாவது சுற்றில், நேர்பாதை முடிகிற இடத்தில், அவர் வலது கையை வெளியே நீட்டி ஆட்டினார். எங்கள் பந்தயத்தில் வழி விடுகிறவர் அப்படித்தான் பக்கம் காட்ட வேண்டும். நான் வலது பக்கம் ஒதுங்கி வேகம் எடுத்தேன். அதே நேரம் அவர் பிரேக் போட்டார். என் இடது முன்பக்கம் அவருடைய வலது பின்மூலையில் மோதியது. என் பம்பர் தொங்கியது. அவருடைய வலது பின்விளக்கு நொறுங்கியது. யாருக்கும் அடியில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். தப்பு யார்மேலோ அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நடுவர் கூப்பிடுவதற்கு முன்பே, தன் கையால் தேநீர் கொண்டுபோய் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்கிக் குடித்தால் விஷயம் முடிந்தது, புகார் கிடையாது. குடிக்காவிட்டால் நடுவரிடம் போகும். அவர் யார்மேல் தப்பு என்கிறாரோ அவர் ஒரு வருஷம் பந்தயத்துக்கு வர முடியாது.

பின்னால் இடித்தவள் நான். தேநீர் வாங்கப் புறப்பட்டேன். அதற்குள் கதிரேசனே கையில் கப்போடு வந்துவிட்டார்.

"அக்கா, தப்பு எம்மேலதான். வேலிப் பக்கம் வீட்ல நின்னாக, பாப்பாவோட. மொத தடவ பாக்க வந்துருக்காக. அவுகளுக்குக் கைய ஆட்டுனேன். நீங்க வழி விட்டேன்னு நெனச்சுட்டீங்க."

காலையில் இருந்து நான் அவருக்கு மேடம். இடித்த பிறகு அக்கா.

"நடுவர்ட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவருக்கு எதுக்குக்கா? நமக்குள்ள முடிஞ்சிருச்சு. ஆறிரப் போவுது, குடிங்க."

அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். சிவப்புக் காருக்கு அதற்குள் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். வெயிலுக்காக இருக்கலாம். மற்ற எந்தக் காரையும் யாரும் மூடவில்லை.

அந்தோணி என் காதருகே குனிந்தார். "வாங்கிக்குங்க டீச்சர். நடுவர்ட்டப் போனா பின்னாடி இடிச்சது யாருன்னுதான் மொதல்ல கேப்பாரு. கெடைக்கிறத வேண்டாங்காதீங்க."

குடித்தேன். சர்க்கரை அதிகம். பக்கத்துக் கூடாரத்திலிருந்து பல் மருத்துவர், "பொம்பளைங்கன்னா நம்ம கதிரு எவ்வளவு பதமா நடந்துக்கிறாரு பாருங்க" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கதிரேசனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பம்பரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். அன்னவாசலில் ஒரு கடையோரம் நிறுத்தி, காரில் பொருத்தியிருந்த கேமராவின் பதிவைப் பார்த்தேன். அந்தக் கையைத்தான் தேடினேன். கை இருந்தது. வேலிப் பக்கம் மஞ்சள் சட்டையில் ஒரு குழந்தையும் இருந்தது. அவர் சொன்னது உண்மைதான்.

ஆனால் அந்தச் சுற்றில் அவருடைய பிரேக் விளக்கு எரியவில்லை. வெயிலில் தெரியவில்லையோ என்று நினைத்தேன். அவருக்கு முன்னால் போன பல் மருத்துவரின் காரில் சிவப்பாகத் தெரிகிறது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். காலைப் பயிற்சியில் ஒவ்வொரு வளைவிலும் எரிந்த விளக்கு, பந்தயம் தொடங்கியதிலிருந்து ஒரு வளைவில்கூட எரியவில்லை. பின்னால் வருகிறவர் தங்கள் பிரேக் விளக்கைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது என்று ஒயரைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்தது இல்லை.

ஃபியூஸ் போயிருக்கலாம். அப்படியென்றால் அது அவருக்கே தெரிந்திருக்காது. தெரியாத மனிதர் எதற்குக் காரை மூடினார்? சின்னத் தப்பை அவ்வளவு அழகாக ஒப்புக்கொண்டால், அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு, அது என்மேல்: பின்னால் இடித்தவள் என்ற பெயரைத் தாங்க முடியாமல் அவருடைய விளக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனா? இரண்டு நாளாக மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். விளக்கு எரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கட்டணம் மூவாயிரத்து ஐந்நூறு. மதியச் சாப்பாடு அதில் சேர்த்தி. பெட்ரோல் விராலிமலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே கிடைக்காது. பெண்களுக்குக் கழிப்பறை நுழைவாயில் அருகே ஒன்றுதான். முன்னும் பின்னும் கேமரா வையுங்கள். இடித்துக்கொண்டால் முதலில் அடுத்தவருக்கு அடிபட்டதா என்று கேளுங்கள், பிறகு இரண்டு காரையும் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். யார் என்ன கொண்டுவந்து கொடுத்தாலும், பதிவைப் பார்த்து முடிக்கும்வரை கையில் வைத்துக்கொண்டே நில்லுங்கள். ஆறினால் ஆறட்டும்.

தேநீரைக் குடித்தவர் பிறகு புகார் சொன்னதாக எங்கள் கிளப்பில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சொன்னால் இனி என் பக்கத்துக் கூடாரத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதம் அந்தச் சிவப்புக் காருக்குப் பின்னால் இன்னொருவர் போவார். அவரும் விளக்கைப் பார்த்துத்தான் பிரேக் போடுவார். விளக்கு எரியாத இடத்தை மட்டும் வெட்டி அனுப்பினால் கதிரேசனுக்கு மட்டும் வருஷம் போகும். முழுதாக அனுப்பினால், அந்தக் கை நீண்டவுடனே, அது யாருக்கு என்று ஒரு கணம்கூடப் பார்க்காமல் நான் ஒதுங்கியதும் தெரியும். எனக்கும் போகலாம்.

வீட்டில் பம்பர் மட்டும்தான் போயிற்று என்று சொல்லியிருக்கிறேன். அந்தோணி இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. இதை வெளியிடுவதற்கு முன், முழுப் பதிவையும் நடுவருக்கு அனுப்பிவிடுவேன்.