சுவார்ஜோ சொல்லாத கடை

விடுதியின் பணியாளர் கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "சுவார்ஜோ, விருந்தினர் வழிகாட்டி. ஜாவாவின் சோலோ நகருக்குப் புதிதாக வருவோருக்கு உணவு, போக்குவரத்து, காண வேண்டிய இடங்கள் குறித்து முழுமையான, உண்மையான தகவல்களை இன்முகத்துடன் அளிப்பவர்."

இன்முகம் வரைக்கும் சரி. உணவு விஷயத்தில் அவர் பதினோரு ஆண்டுகளாக விருந்தினர்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும், பெரிய சாலையில் சாப்பாட்டுப் படமெல்லாம் பெரிதாக மாட்டியிருக்கும் கடைக்குத்தான் அவர் கை நீளும். கெட்ட சாப்பாடு என்று சொல்ல முடியாது. யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பியதில்லை. ஊருக்குப் போன பிறகு அதை நினைத்துப் பார்த்தவரும் இல்லை.

அவர் சாப்பிடுவது வேறு இடத்தில். சந்தைக்குப் பின்னால், சைக்கிள் டயர் கடைக்கும் கோழித்தீவனக் கடைக்கும் நடுவே, வாகியெம் அம்மா, எங்கள் பேச்சில் இபு வாகியெம், நடத்தும் மூன்று பெஞ்சுக் கடை. அங்கே தெங்க்லெங் ஒன்றுதான் கிடைக்கும். எலும்போடு ஒட்டிய ஆட்டுக்கறி, மஞ்சள் சாறு, வாழையிலைத் தொன்னை. கல்லூரியில் வரலாறு நடத்தும் எனக்கு அந்த இடத்தைக் காட்டவே சுவார்ஜோ மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டார். காட்டும்போதும், வெளியே மூச்சு விட மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

காரணம் இருந்தது. முன்பு அவர் உயிரை வைத்திருந்த ஒரு வாத்துக்கறிக் கடையை ஜகார்த்தாக்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டார். இரண்டே மாதத்தில் கடை வாசலில் வேன்கள் நின்றன. அப்புறம் விளக்குப் பலகை வந்தது, கிளை வந்தது, சட்டியில் நேற்றைய எண்ணெய் வந்தது. அன்றோடு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிடித்த கடையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதற்கு ஆள் அனுப்பக் கூடாது.

மழை தொடங்கிய மாதத்தில் ஒரு நாள், மாதக் கடைசியோடு கடையை மூடிவிட்டுப் ஜகார்த்தாவை ஒட்டிய பெகாசியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதாக இபு வாகியெம் சொன்னார். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். பேரனுக்குப் பதினாறு வயது. நாங்கள் யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. வியாபாரம் எப்படி என்று மட்டும் சுவார்ஜோ கேட்டார். "ஏதோ நடக்குது, பாக்" என்றார் இபு; ஐயா என்பதைத்தான் நாங்கள் பாக் என்போம். எங்கள் ஊரில் அந்தப் பதிலுக்கு மேல் தோண்டுவது, அடுத்த வீட்டு அடுப்பில் இருக்கும் சட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். சுவார்ஜோ தோண்டவில்லை. நான்கைந்து நாள் கையேட்டில் சொன்ன இன்முகத்தையும் காணவில்லை.

அந்த வாரம்தான் லிஸ்தியானி வந்தார். சுராபாயாக்காரி. மருத்துவமனைகளின் மின்தூக்கிகளைச் சோதிக்கிற வேலை; ஆண்டுக்கு இருபது ஊர். முதல் நாள் படம் மாட்டிய கடையில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை சுவார்ஜோவின் மேசைக்கு வந்தார்.

"பாக், அந்தக் கடையில நீங்க கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

தனக்கு வீட்டிலிருந்தே சாப்பாடு வந்துவிடுவதாகச் சுவார்ஜோ சொன்னார். லிஸ்தியானி அவருடைய வெள்ளைச் சட்டையின் கைவிளிம்பைப் பார்த்தார். மஞ்சள் கறை.

"வீட்டுல தினம் ஆடு அடிக்கிறாங்களோ?"

சுவார்ஜோ கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதற்கு மேல் ஒரு பொய் அவரிடம் கைவசம் இல்லை. மூடப்போகிற கடைதானே என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ள, படம் எடுக்கக் கூடாது, ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் போட்டு மதியம் அழைத்து வந்தார். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன்.

லிஸ்தியானி இரண்டு தொன்னை சாப்பிட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இபுவைக் கேட்டார்.

"ஏதோ நடக்குதும்மா."

"ஏதோன்னா? பத்தா, நூறா?"

நானும் சுவார்ஜோவும் எங்கள் தொன்னைகளுக்குள் பார்த்துக்கொண்டோம். சுராபாயாவில் இப்படிக் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. கண்ணெதிரே நடந்தது அன்றுதான்.

இபு கரண்டியை வைத்தார். கோபம் இல்லை. யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த மாதிரிகூட இருந்தது.

"பன்னெண்டு பேரு. பானையில பாதி அப்படியே கெடக்குது. முப்பது பேரு வந்தா நான் ஏம்மா பெகாசிக்குப் போறேன்?"

"இவர் விடுதிக்குத் தினம் ஆள் வருதே. நாலு பேரை அனுப்பச் சொல்றதுதானே?"

இபு சுவார்ஜோவின் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார். "நானும் பதினோரு வருஷமாப் பார்த்தேன். வெளியூர்க்காரங்களுக்குக் காட்டுற அளவுக்கு நம்ம கை இல்ல போலன்னு விட்டுட்டேன். பாக் நல்ல மனுஷன். என் மனசு நோகக் கூடாதுன்னு அவரு மட்டும் தினம் வந்து சாப்பிடுறாரு."

சுவார்ஜோ கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார்.

"இபு, ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனாலதான் சொல்லல."

"அப்படியா?" என்றார் இபு. "அதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

லிஸ்தியானி தன் வாக்கை எந்த அளவுக்குக் காப்பாற்றினார் என்று எனக்குத் தெரியாது. மாதக் கடைசி வந்தது, போனது. இபு வாகியெம் பெகாசிக்குப் போகவில்லை. எனக்கு இப்போதெல்லாம் நின்றபடிதான் சாப்பாடு. பன்னிரண்டரைக்குப் போனால் அதுவும் கிடையாது. சாறு இன்றுவரை பழைய சாறுதான், அடுத்த வருஷத்துக்கு நான் பொறுப்பில்லை.

சுவார்ஜோ செய்தது இவ்வளவுதான்: இபு அப்படிச் சொன்னதற்கு மறுநாள் காலை, விடுதியில் தங்கியிருந்த பதினேழு பேருக்கும் சந்தைக்குப் பின்னால் போகும் வழியைத் தாளில் வரைந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.