மயில் தோகையில் நின்றுபோன மோட்டார்

தம்போய் வட்டாரத்தில் மோட்டார் பற்றித் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. ஓடாமல் நின்றுவிட்ட மோட்டார் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். ஷாமளாவின் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் அந்தச் சின்ன சிஎன்சி இயந்திரம் உறுமிவிட்டு நின்றதிலிருந்து, கேட்டுக்கு வெளியே நின்று வைத்தியம் சொல்லாதவர்கள் குறைவு.

ஷாமளா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். கணினி காட்டும் கோட்டில் பலகையை வெட்டித் தரும் அந்த இயந்திரத்தைப் பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டினாள். வாசலுக்குப் பெயர்ப்பலகை, கல்யாண மேடைக்கு மணமக்களின் முதலெழுத்து இரண்டு என்று கையகல வேலைகளாகச் செய்துவந்தவள், இந்தத் தைப்பூசத்துக்குக் கோயில் காவடியின் மயில் பலகைகளை வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். கோயில் தலைவர் மதிவாணன் அரை மனதோடு தலையாட்டினார். இயந்திரம் நின்ற சேதி கேட்டதும் மீதி மனதும் மூவாருக்குப் போய்விட்டது.

"மூவார்ல மேசை நாற்காலி செய்றவங்க பெரிய மெஷின் வச்சிருக்காங்கம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். கோயில் காரியம் லா, விளையாட முடியாது."

"நான் விளையாடுறேன்னு யார் அங்கிள் சொன்னா?"

"யாரும் சொல்லல. பொம்பளப் புள்ள, ஷிப்ட் வேற, பாவம்னுதான்."

அந்தப் பாவம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த வருடம் பலகை மூவாருக்குப் போனால், இனி எந்த வருடமும் அவளைப் பூக்கட்டத்தான் கூப்பிடுவார்கள்.

கணவன் யுகேந்திரன் நல்லவன். ஆகவே முதலில் நம்பிக்கையைக் கைவிட்டதும் அவன்தான். "வித்துடலாம் ஷாமளா. மோட்டாருக்குக் கரண்டு பத்தல போல."

கரண்டைக் கூட்டினாள். மோட்டார் தோசை சுடலாம் போலச் சூடானதே தவிர, நிற்பதை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்தாள், வயரை மாற்றினாள். கொண்டை வரை ஒழுங்காக வெட்டும். தோகைக்குப் போனதும் கீச்சென்று கத்திவிட்டு நிற்கும். வீணான பலகைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தாள். எல்லா மயிலும் ஒரே இடத்தில்தான் செத்திருந்தது. மோட்டாருக்குத் தெம்பில்லை என்றால் கண்ட இடத்தில் அல்லவா படுக்கவேண்டும்?

மின்சாரத்தை அணைத்து, இயந்திரத்தின் தலையை இழுத்துப்போகும் நீளமான திருகுத்தண்டிலிருந்து மோட்டாரைக் கழற்றினாள். தனியாக ஓடவிட்டால் மோட்டார் சமர்த்தாக ஓடியது. தண்டைக் கையால் திருகினாள். பாதிவரை வழுக்கிக்கொண்டு போனது, அப்புறம் இறுகிக்கொண்டது. அந்த இடத்தில் புரிக்குள் மஞ்சளாக ஏதோ சிமெண்டு மாதிரி காய்ந்திருந்தது. சுரண்டி மோந்து பார்த்தாள். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு மதிவாணன் நேரில் வந்து இயந்திரத்துக்குப் பொட்டு வைத்திருந்தார். பளபளத்த தண்டைப் பார்த்து வேல் ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ, நெற்றி எது, முதுகெலும்பு எது என்று பாராமல் கோடிவரை குழைத்துப் பூசியிருந்தார். பாதித் தண்டில் பூசியது அன்றாட ஓட்டத்திலேயே தேய்ந்து உதிர்ந்திருந்தது. பெயர்ப்பலகைகள் சின்னவை என்பதால் இயந்திரம் அந்தக் கோடிக்குப் போனதே இல்லை. முதன்முதலாக அங்கே போனது மயிலின் தோகைக்காகத்தான்.

"தலைவர்கிட்ட சொல்லிடாத. கோச்சுக்குவாரு," என்றான் யுகேந்திரன்.

"கோச்சுக்கட்டும்." மண்ணெண்ணெயில் பல்துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்தாள்.

"அது என் பிரஷ்."

"தெரியும்."

வெள்ளி வருமுன்னே, வியாழன் சாயங்காலம் மதிவாணன் வந்தார். இயந்திரம் தோகையை வெட்டிக்கொண்டிருந்தது.

"ஓடுது போல?"

"ஓடுது அங்கிள். நீங்க பூசின சந்தனம் காஞ்சு இறுகிப்போச்சு. எடுத்துட்டேன்."

"அலமாக். சாமிக்கு வச்ச சந்தனமாச்சே."

"சாமிய யாரு குறை சொன்னா? பூசின கை உங்களுது."

யுகேந்திரன் காப்பி கலக்க உள்ளே போய்விட்டான். யாரும் காப்பி கேட்கவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "மூவார்காரன்கிட்ட நேத்தே வெட்டச் சொல்லிட்டேனேம்மா. பாதி அவன், பாதி நீன்னு வச்சுக்கலாமே?"

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னது நீங்க. முழுசும் நான்தான் வெட்டுவேன். இப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லிடுங்க."

"சரி, மெஷின கொஞ்சம் நிறுத்து. ஒண்ணும் கேக்கல."

"நடுவுல நிறுத்தினா தோகை கெட்டுடும். இங்க நின்னே பேசுங்க."

மதிவாணன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி மலாயில் கத்தினார். வேண்டாம், இங்கேயே வெட்டுகிறார்கள் என்றார். இல்லையில்லை, கடை இல்லை, வீடு என்றார். அந்தப் பக்கம் இன்னும் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. ஷாமளாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னும் உரக்க, ஆமாம், பெண்தான் என்றார்.