பதில் எலும்பு

நின்றபடி விழுந்தவரைக் கண்டிருக்கிறீர்களா?

எங்கள் அளவெட்டியில் பக்கத்து வீட்டுச் சிவநேசன் மாஸ்ரர் அப்படித்தான் விழுந்தார். தண்ணித் தாங்கியைத் துப்பரவாக்கிவிட்டு ஏணியால் இறங்கும்போது ஒரு படி கழன்றுவிட்டது. நேராகக் குதிக்காலில் வந்து நின்றார். ‘தலை அடிபடேல்லை, நல்ல காலம்’ என்று எல்லோருக்கும் ஆறுதல். மாஸ்ரருக்கு மட்டும் இடது காலை நிலத்தில் வைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுபோனது நானும் அவருடைய மனைவி ராணியக்காவும். டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“குதிக்கால் எலும்பு நசிஞ்சிட்டுது சேர். புதுசாச் சுட்ட அச்சுப்பாணை மேலாலை அமத்தின மாதிரி. தூக்கி நிமித்தித் தகடு வைக்கலாம். ஆனா எலும்புக்கு உள்ளுக்கை பள்ளம் மிஞ்சும்.”

“வரம்பிலை நடப்பனோ?” இதுதான் மாஸ்ரரின் ஒரே கேள்வி. பென்சன் எடுத்தபிறகு வெங்காயத் தோட்டம்தான் அவருக்கு எல்லாம். மேடு பள்ளத்தில் நடக்க முடியாவிட்டால் தோட்டத்தை விடவேண்டியதுதான்.

“அதுக்குத்தான் பள்ளத்தைப் பற்றி யோசிக்கிறம். சில பேருக்கு அப்பிடியே விட்டிடுவம், தானா நிரம்பும். உங்களுக்குப் பெரிசு. இடுப்பெலும்பிலை கொஞ்சம் வெட்டி எடுத்து நிரப்பலாம். இல்லாட்டிப் பதில் எலும்பு வைக்கலாம்.”

மாஸ்ரரின் முகம் மாறிவிட்டது.

“பதில் வேண்டாம் டொக்டர். நிரந்தரமானதையே வையுங்கோ.”

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராணியக்காதான் விளங்கப்படுத்தினார். “இவர் பள்ளிக்கூடத்திலை கனகாலம் பதில் அதிபரா இருந்தவர். அந்தக் கோவம்.”

உங்களுக்குத் தெரியும்தானே? எங்கள் நாட்டு அரசாங்கக் கந்தோர்களில், நிரந்தரமாக ஒருவர் வரும்வரை என்று பொருள்படும் ‘பதில்’ என்ற சொல்லுக்குள் ஒரு வலி இருக்கிறது. வேலை எல்லாம் நீங்கள் செய்வீர்கள். பெயர்ப்பலகையில் உங்கள் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டே இருக்கும்... நிரந்தர அதிபர் வந்த அன்றே மாஸ்ரர் அதிபர் அறைத் திறப்புக் கோர்வையைக் கொடுத்துவிட்டு, சோக்குக் கட்டியோடு ஒன்பதாம் வகுப்புக்குப் போனவர்.

“இடுப்பிலையே வெட்டுங்கோ. என்ரை சொந்த எலும்பு” என்றார்.

“வெட்டலாம் சேர். அந்தப் புண்ணும் கனநாளைக்கு நோகும்.”

“ஒரு காலோடையே நான் படுற பாடு காணும்!” ராணியக்கா பொரிந்தார். “இடுப்பும் போனால் உங்களை ஆர் தூக்குறது?”

டொக்டர் பொறுமையாகச் சொன்னார். பதில் எலும்பு என்பது சுண்ணாம்புச் சத்தில் செய்த மணிகள். சவ்வரிசி அளவு. பள்ளத்தில் நிரப்பினால், சொந்த எலும்பு வளர வளர அது கரைந்து இடம் விடும்.

“தானாவோ?” மாஸ்ரர் நம்பவில்லை. “எலும்பு வளருமட்டும் தாங்குமோ?”

ராணியக்கா விடவில்லை. “நீங்கள் பதிலா இருந்த அத்தனை வருசமும் பள்ளிக்கூடம் விழுந்ததோ? கையெழுத்தை வையுங்கோ.”

மாஸ்ரர் மனைவியைப் பார்த்தார். பிறகு என் சட்டைப்பையில் இருந்த பேனையைத் தானே உருவினார்.

மணிகளை வைத்துத் தைத்தார்கள். மாதக்கணக்காகக் கால் நிலத்தில் படக்கூடாது என்று கட்டளை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது ராணியக்கா. வேலியோரம் கதிரை போட்டு இருந்துகொண்டு சத்தம் போட்டது மாஸ்ரர்.

போன கிழமை கிளினிக். புது எக்ஸ்ரேப் படத்தில் வெள்ளை மணிகளைத் தேடினேன், அனேகமாக ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் எலும்பு.

“முழுப்பாரத்தையும் குடுங்கோ சேர்” என்றார் டொக்டர்.

மாஸ்ரர் ஊன்றுகோலை என்னிடம் தந்தார். இடது காலை வைத்தார். பல்லைக் கடித்தார்... நின்றார்! கதவுவரை நொண்டிப் போய்த் திரும்பியும் வந்தார்.

“வரம்பிலை போகலாம். பாத்து. பாதம் பக்கத்துக்குச் சரிஞ்சால் நோகும், அது முழுக்க மாறாது” என்றார் டொக்டர்.

மாஸ்ரர் மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“அப்ப அந்தப் பதில் எலும்பு போட்டுதோ?”

“ஓம் சேர், கரைஞ்சு போட்டுது.”

“சே... ஒரு சேவைநலன் பாராட்டு விழாவும் வைக்காமல் அனுப்பிப்போட்டம்.”

“உங்களுக்கு வைச்சவையோ?” என்றார் ராணியக்கா.

வைத்திருக்கத்தான் வேண்டும் — இரண்டு பதிலுக்கும்.